கடித மடிப்பில் மாவு

ஜூன் 3

இங்கே பாருங்கள்,

நீங்கள் போய்ச் சேர்ந்ததை உங்கள் அக்கா போனில் சொன்னார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தே ஓய்வுபெற்றவர்கள். "தம்பி வந்து சேர்ந்தாச்சு" என்பதையும், அடுத்து எந்த நடைமேடை என்று சொல்லப்போகிற மாதிரிதான் சொன்னார்கள். பிறகு போனை உங்களிடம் கொடுத்தார்கள். நீங்கள் பாதி வாக்கியம் பேசி இருமினீர்கள். மீதியை நான் முடித்தேன். "அது இல்ல" என்றீர்கள். மறுபடி இருமல், மறுபடி நான், மறுபடி "அது இல்ல." நமக்குப் போன் வேண்டாம். எழுதிக்கொள்வோம். கடிதத்தில் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே வர முடியாது.

டாக்டர் சொன்னதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. உங்கள் முன்னங்கையில் வரிசையாகக் குத்தி, மைதா வைத்த இடம் மட்டும் பெரிய கொசுக்கடி மாதிரி தடித்ததைக் காட்டி, "இதான் சார் உங்க வில்லன்" என்றார். "ரொட்டிய நீங்க தாராளமா சாப்பிடலாம். மாவு மூச்சுல போகக் கூடாது, அவ்ளோதான். வீட்ல மாவு பறக்குற வரைக்கும் அங்க இருக்காதீங்க. அன்னைக்கு வந்த மாதிரி இன்னொரு தடவ வந்தா நான் பொறுப்பில்ல."

ரொட்டியைத் தின்னலாம், அதைச் சுடும் வீட்டில் இருக்கக் கூடாது. இப்படி ஒரு விதி இருக்கலாம். அது நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் வேண்டும். கல்லூரியில் என் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டபோது பொழுதுபோகாமல் தொடங்கியதுதான் இந்த ரொட்டி விற்பனை, இன்று இந்த வீடு நடப்பதே அதனால்தான். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடியதும் சும்மா உட்கார முடியாமல் நீங்களாகத்தான் சல்லடையைக் கையில் எடுத்தீர்கள். ஈரக் கையோடு பிசைந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சலித்த உங்களுக்கு ஆகிவிட்டது. நிறுத்து என்று நீங்களும் சொல்லவில்லை, நிறுத்துகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அதையும் சேர்த்துத்தான் அன்று ரயிலேற்றினோம்.

பார்சலில் ஒரு ரொட்டி இருக்கிறது. வழக்கமானதுதான், ஆரஞ்சுத் தோல் துருவலும் ஏலக்காயும் போட்டது. மேலே மாவு தூவவில்லை. முட்டை மட்டும் பூசியிருக்கிறேன்.

மூச்சு எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். எப்போது வீட்டுக்கு வரலாம் என்று அங்கே உள்ள டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

*

ஜூன் 8

புரொபசர்,

கல்லூரி கொடுக்காத பதவியை இத்தனை வருஷமாக நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்காவது உன் கடிதத்தில் என்னை "அன்புள்ள" என்று அழைத்திருக்கலாம். "இங்கே பாருங்கள்" என்றால் நான் எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரொட்டி நன்றாக வந்திருந்தது. நூல் நூலாகப் பிரிந்தது. நான் இரண்டு துண்டு தின்றேன். அக்கா "இனிப்பு கம்மியா இருக்கு, பத்தல" என்று சொல்லிச் சொல்லி நாலு துண்டு தின்றாள்.

கடிதம்தான் சரியாக வரவில்லை. மடிப்பைப் பிரித்ததும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. நீ அந்தச் சமையலறை மேசையில் வைத்துத்தானே எழுதினாய்? மடிப்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. மூச்சு மருந்துப் பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா ஓடிவந்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியால் உன் கடிதத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டாள். சாயங்காலம்வரை அவள் ரவிக்கைக்கும் என் பனியனுக்கும் நடுவில் நீ ஆடிக்கொண்டிருந்தாய்.

"ஒரு லெட்டர் ஒழுங்கா போடத் தெரியல. இவ காலேஜ்ல என்னத்தடா சொல்லிக்குடுத்தா?"

"தாவரவியல்."

"அதான் பாத்தேன். கோதுமையும் செடிதானே, விட்டுக்குடுப்பாளா?"

சிரிக்காதே. அவள் நல்லவள்தான். நீ என்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தாய் என்று மட்டும் ஒரு எண்ணம் அவளுக்கு.

இங்கே உள்ள டாக்டரும் அதையேதான் சொல்கிறார். மாவு வீட்டைவிட்டு முழுசாகப் போய், வீட்டைத் துடைத்துக் கழுவினால் வரலாமாம். எனக்கு வரவேண்டும். இங்கே எல்லாம் இருக்கிறது, ஆனால் நான் எழுந்தால் அக்கா என் நாற்காலியைச் சரிசெய்து வைத்துவிடுகிறாள், நான் உட்கார்ந்திருந்ததே தெரியாமல் போய்விடுகிறது.

அடுத்த கடிதத்தை வேறு எங்காவது வைத்து எழுது.

*

ஜூன் 14

இங்கே பாருங்கள்,

வேறு எங்கே வைத்து எழுதுவது? இந்த வீட்டில் இருப்பது இந்த ஒரு மேசைதான். கையைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கடிதத்தின் மடிப்பில் எவ்வளவு மாவு இருந்துவிட முடியும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சிட்டிகைகூட இருக்காது. அதற்கே நெஞ்சு பூட்டுமென்றால், ரொட்டிக் கடை இருக்கும் தெரு வழியாக நீங்கள் நடக்கவே முடியாது. ஆனால் அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது, தினமும் அங்கேதான் செய்தித்தாள் வாங்குகிறீர்கள். எனக்குத் தெரியும். உங்களுக்கு இழுப்பு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வருவது எதனால் என்று கேட்கிறேன். பக்கத்தில் ஒருவர் இடுக்கியோடு காத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இரண்டு நிமிடம் இருங்கள், மாவு பொங்கி நிற்கிறது, உள்ளே வைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இப்போது நானேதான் சலிக்கிறேன், சல்லடையை ஈரத் துணியால் மூடிக்கொண்டு. சலிப்பது எனக்குக் கைவரவில்லை. பாலின் சூட்டைப் பார்ப்பதும் அப்படித்தான். ஈஸ்ட் போடுவதற்கு முன் நீங்கள் சுண்டுவிரலைப் பாலில் விட்டு "ம்" என்பீர்கள். அந்த "ம்" வராமல் நான் ஈஸ்ட் போட்டதில்லை. இப்போது தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன். எண் காட்டுகிறது, சரியாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் இந்தத் தடவை மாவின் முதல் பொங்கல் மந்தமாகத்தான் இருந்தது. ரொட்டி எப்படி வந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

கடிதத்தைப் பிரித்தபோது என்ன ஆனது என்பதையும்.

*

ஜூன் 19

புரொபசர்,

நடு வேகவில்லை. கத்தியில் ஒட்டியது. வெண்ணெயைச் சீக்கிரமே போட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். மாவை இழுத்தால் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஆன பிறகுதானே வெண்ணெய்? நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

கடிதம் ரொட்டியைவிட மோசம். முதல் பக்கம்வரை ஒன்றுமில்லை. திருப்பினேன், பாதி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது. பம்ப் கேட்கவில்லை. அக்கா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். முகமூடி வைத்து மருந்தைப் புகையாக விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னக் குழந்தை அதேபோல் முகமூடியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புகைவிட்டோம்.

"இனிமே அவ லெட்டர் வந்தா அடுப்புலதான்" என்கிறாள் அக்கா. நான் கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெளியிலிருந்து படித்துக்கொள்கிறேன்.

இடுக்கியைப் பற்றி நீ எழுதியது நன்றாக இருந்தது. ஆனால் நான் எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை. கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் பிறர் கண்ணைச் சோதித்தவன், என் நெஞ்சு இறுகுவதும் இறுகாததும் எனக்குத் தெரியாதா?

அந்த மேசையை விட்டுவிடு. முடிந்தால் அந்த மாவையும் எங்காவது கொண்டுபோ. நிறுத்தச் சொல்லவில்லை. கொண்டுபோ என்றுதான் சொல்கிறேன்.

*

ஜூன் 27

இங்கே பாருங்கள்,

நூலகத்திலிருந்து எழுதுகிறேன். மின்விசிறி நேராகத் தலைக்கு மேல். எதிரில் ஒருவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறார். மாவு எதுவும் இல்லை, நிம்மதியாகப் படிக்கலாம்.

கொண்டுபோய்விட்டேன். பெரிய தெருவில் மூடிக்கிடக்கும் அச்சகத்தின் பின்னால் பணியாளர்களுக்கான கேன்டீன் இருந்ததே, அந்தச் சமையலறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஓவன், தட்டுகள், மாவு டப்பாக்கள், சல்லடை எல்லாம் ஒரே வண்டியில் போயின. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சாவியைக் கையில் கொடுக்காமல் காரணம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"வீட்ல அடுப்பு இல்லையா?"

"இருக்கு. அவருக்கு மாவு ஒத்துக்கல."

"அதுக்காக அடுப்பையே மாத்துறீங்களா? நான்லாம் ஆளையே மாத்திரலாமான்னு யோசிச்சவ." பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, "சும்மா சொன்னேன்மா, அவரு போயிட்டாரு" என்றார். வாடகையைப் பற்றிப் பேசினேன்.

அங்கேயே குளியலறை இருக்கிறது. வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்து, உடை மாற்றி, அந்தச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். வீட்டைக் கழுவியாகிவிட்டது. திரைச்சீலைகளை வெந்நீரில் துவைத்தேன். பஞ்சுமெத்தைச் சோபாவை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். சுவர்களை மேலிருந்து கீழ்வரை ஈரத் துணியால் துடைத்தேன், தண்ணீர் தெளிவாக வரும்வரை. பிறகு அலமாரி விளிம்பு, ஜன்னல் இடுக்கு, கதவின் மேல்புறம் எல்லாவற்றிலும் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டு, உங்கள் கடை உருப்பெருக்கியால் பார்த்தேன். மாவு ஒரு துகள் இருந்தாலும் கருநீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுமில்லை. தேநீர்க் கறைதான் இருந்தது, அது உங்களுடையது.

வாருங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களே சோதித்துக்கொள்ளட்டும்.

*

ஜூலை 2

என் புரொபசர்,

பிரித்தேன். ஒன்றுமே ஆகவில்லை. அக்கா என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள், நெஞ்சில் வைத்துக் கேட்டாள். ரயில் தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்கிற மாதிரி. "ஒண்ணும் வரல" என்றாள், ஏமாற்றத்தோடு.

கடிதத்தை அக்காவின் பிளாஸ்டிக் உறைக்குள் போடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கைக்கு உன் கடிதம் கிடைத்து எவ்வளவு நாளாயிற்று! போன கடிதமெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மீன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அக்கா திரும்பிப் போய்விடுவாள். நான் போகமாட்டேன். பெட்டி கட்டியாகிவிட்டது. கடைக்காரனிடம் செய்தித்தாளை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

*

ஜூலை 12

இங்கே பாருங்கள்,

எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன்.

நடந்ததைத் திரும்ப வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். வாசலில் அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார்கள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள். சோபா இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். மூச்சு சீராக இருந்தது, நான் பேச்சைவிட அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அக்கா மாடிவீட்டுக்காரர்களைப் பற்றி விசாரித்தார்கள். "ரெண்டு நிமிஷம் இருங்க, டீ கொதிக்குது, கொண்டுவரேன்" என்று உள்ளிருந்து சொன்னேன். தட்டோடு வந்தபோது நீங்கள், சமையலறையிலிருந்து கூடத்துக்கு மாற்றியிருந்த மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தோளை உயர்த்திக்கொண்டு நின்றீர்கள்.

அதன்பிறகு நடந்தது இரண்டு பேருக்கும் தெரியும். மருத்துவமனையிலிருந்து நேராக ரயில்நிலையம். பெட்டியை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், கட்டியபடியே இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நான் இவன இங்க கூட்டிட்டு வர மாட்டேன்மா. நீ தப்பா எடுத்துக்கிட்டாலும் சரி" என்றார்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து மறுபடி நாடாவை ஒட்டினேன். நீங்கள் கை ஊன்றிய மேசை, நாற்காலியின் கைப்பிடி, என் புடவைத் தலைப்பு, என் முடி. எதிலும் கருநீலம் வரவில்லை. மாவு இல்லை. அப்படியானால் அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது? நான் இருந்தேன்.

இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஜூன் பதினாலாம் தேதிக் கடிதத்தைச் சமையலறை மேசையில் எழுதவில்லை. நூலகத்தில், புதிதாக வாங்கிய தாளில் எழுதி, அங்கிருந்தே தபாலில் சேர்த்தேன். அது நம் வீட்டுக்குள் நுழையவே இல்லை. சமையலறையில் இருப்பதாக நம்பவைக்க, நடுவில் எழுந்துபோவதுபோல் எழுதினேன். ரொட்டியைத் தனிப் பார்சலில் அனுப்பினேன். நூலகத்திலிருந்து எழுதுவதாகச் சொன்ன அடுத்த கடிதத்தை அங்கே தொடங்கினேன், ஆனால் கேன்டீனில், மாவு படிந்த மேசையில் வைத்துத்தான் முடித்தேன். வேறு தாளில் எடுத்தெழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மாவே இல்லாத கடிதத்துக்கு மருத்துவமனை போனீர்கள். மாவு பட்ட கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள்.

தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். தெரிந்துகொண்டேன். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

*

ஜூலை 18

இந்தத் தடவை பட்டப்பெயர் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவையாகப் படித்தேன். மாடியில் காற்றில் நின்று கொஞ்சம், இறங்கி உட்கார்ந்து கொஞ்சம்.

கடையில் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடியைப் போட்டு, மாற்றி இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நான் சோதிக்கிறேன் என்று தெரியும். என்னை நீ கேட்காமலே உட்காரவைத்துவிட்டாய். அந்த மாவுக் கடிதத்தில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் சோதனைக்கு நல்ல விடை கிடைத்திருக்கும், இல்லையா?

இதை எழுதிவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன். கோபம் போய்விட்டது. கோபம் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ள நமக்குத் தெரியும்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். மே மாதம் அன்றைக்கு, நான் பின்னறையில் சலித்துக்கொண்டிருந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. சல்லடையைக் கையில் பிடித்தபடியே சமையலறை வாசலுக்கு வந்தேன். குரல் வரவில்லை. சல்லடையால் கதவைத் தட்டினேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். மேசையில் சடைபோல் பின்னிவைத்த ரொட்டிகள் எல்லாம் பொங்கி நின்றன. திரும்பாமலே சொன்னாய்: "ரெண்டு நிமிஷம் இருங்க, பொங்கி நிக்குது, உள்ள வச்சிட்டு வரேன்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டாக எடுத்து ஓவனுக்குள் வைத்தாய். கதவை மூடினாய். ஒரு தட்டு கோணலாக இருந்திருக்க வேண்டும். மறுபடி திறந்து நேராக வைத்தாய். கையைத் துடைத்தாய். பிறகு திரும்பினாய். அதற்குள் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ ஓடிவந்தாய். அதையும் சொல்ல வேண்டும், ஓடித்தான் வந்தாய். ரொட்டி எல்லாம் கருகிப்போயின, நீ அதைப் பார்க்கக்கூட இல்லை.

உன் மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் ஏதோ கேட்க வந்தேன் என்று நினைத்திருப்பாய். தினமும் பத்துத் தடவை நீ சொல்வதுதான், நான் பத்துத் தடவை இருந்ததுதான். ஆனால் கடிதத்தில் அந்த வரி வந்த இடத்தில்தான் நெஞ்சு பூட்டியது. வீட்டில் உள்ளிருந்து நீ அதைச் சொன்னபோதும் அப்படித்தான். நான் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. நுரையீரல்தான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது.

டாக்டரிடம் சொன்னேன். "ரெண்டும் உண்மைதான் சார்" என்றார். "மாவும் ஆகாது. இதுவும் இருக்கு. மாவுக்கு மருந்து இருக்கு." அதோடு நிறுத்திக்கொண்டார்.

*

ஜூலை 25

இங்கே பாருங்கள்,

எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் சொன்னது நினைவிருக்கிறது. கதவு தட்டிய சத்தமும் நினைவிருக்கிறது. கோணலாக இருந்த தட்டு நினைவில்லை. நீங்கள் எழுதிய பிறகு இப்போது அதுவும் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டால் மன்னித்துவிடுவீர்கள். ஏற்கெனவே மன்னித்துவிட்டீர்கள் என்பதும் தெரிகிறது. அதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்பதுதான் புதிதாகத் தெரிந்தது. சுவரில் இருந்ததென்றால் துடைப்பேன். துணியில் இருந்ததென்றால் கொதிக்கவைப்பேன். உங்களுக்குள் இருக்கிறது, அங்கே என் கை எட்டாது.

ரொட்டியை நிறுத்திவிடுகிறேன். இதை மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏதாவது மாறுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

*

ஆகஸ்ட் 1

புரொபசர்,

நிறுத்தாதே. நிறுத்தினால் நானும் இல்லாமல் ரொட்டியும் இல்லாமல் நீ என்ன செய்வாய்? அந்த வீட்டில் நாற்காலிகூட ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது.

இப்போது இன்னொரு தொல்லை வந்திருக்கிறது. உறையைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுகிறது. உன் கையெழுத்து, அவ்வளவுதான். பிரிக்கவே முடியவில்லை. பார்சல் முகவரியை அக்கா தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருகிறாள். என்னால் எழுத முடிகிறது. வருவதைத்தான் வாங்க முடியவில்லை.

நாலு நாள் உன் கடிதம் பிரிக்காமல் கிடந்தது. கடைசியில் அக்கா, "குடு, நான் படிக்கிறேன்" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்றபடியே படித்தாள். அவளுக்கு ஒரு குரல்தானே தெரியும். "எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன்" என்றாள், தாமதமாக வரும் ரயிலுக்கு வருந்துகிற மாதிரி. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. முழுக்கக் கேட்டேன்.

முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் கேட்டாள்:

"அவ அன்னைக்கு வேணும்னுட்டு பண்ணலையாடா?"

"இல்லக்கா."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

இனிமேல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நீ எழுது, அவள் படிக்கட்டும். நமக்குள் மட்டும் என்று இருந்ததெல்லாம் போகும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

*

ஆகஸ்ட் 8

அக்காவுக்கு வணக்கம்.

உறையின்மேல் முகவரியைக் கேன்டீன் அம்மாவை எழுதச் சொன்னேன். இதை நீங்களே பிரித்து அவருக்குப் படித்துக்காட்டுங்கள். உங்கள் குரலிலேயே படியுங்கள். எங்கேயும் என்னைப்போல் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அவரிடம் சொல்லுங்கள்: ரொட்டியை நிறுத்தவில்லை. கேன்டீன் ஓவன் இடது பக்கம் அதிகமாகக் காய்கிறது. பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்கிறேன். இந்தத் தடவை அனுப்பியிருப்பதில் நடு வெந்திருக்கிறது. வெண்ணெயைக் கடைசியில்தான் போட்டேன். ஆரஞ்சு இப்போது புளிக்கிறது, அதனால் சர்க்கரை கொஞ்சம் கூட, அக்காவுக்குப் பிடிக்கலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் மொத்தமாகக் கேட்கிறார்கள். சலிப்பதற்குக் கேன்டீன் அம்மா உதவிக்கு வருகிறேன் என்றார். முகமூடி இல்லாமல் விடமாட்டேன் என்றேன். "ரொட்டி சுடவா, கொள்ளையடிக்கவா?" என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டார்.

வீட்டுச் சமையலறையில் தேநீரோடு சரி. அலமாரியில் எதையும் வைப்பதில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுப் பால்காரரிடம் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் நான் பால் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டார்.

இன்னும் எழுத இருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டுமே அக்கா, அதனால் எழுதவில்லை. நீங்கள் வருத்தப்படக் கூடாது, அது உங்களால் இல்லை.

இங்கே நிறுத்துங்கள். அவர் மூச்சு சரியாக இருக்கிறதா பாருங்கள். முதுகில் காதை வைத்தே கேளுங்கள். சரியாக இருந்தால் மட்டும் கீழே உள்ளதைப் படியுங்கள். இல்லையென்றால் மடித்து வைத்துவிடுங்கள். நாளைக்குப் படிக்கலாம், அடுத்த மாதம் படிக்கலாம்.

நான் அங்கே வரட்டுமா? வீட்டுக்குள் வரமாட்டேன். எதிர் நடைபாதையில், உங்கள் ஜன்னலுக்கு நேராக நிற்கிறேன். பேசமாட்டேன். மூச்சு முட்டினால் திரையை இழுத்துவிடுங்கள், போய்விடுகிறேன். முட்டவில்லையென்றால் நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.